கூட்டினால் எட்டு

திருவண்ணாமலைப் பக்கம் பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எஞ்சினைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் நம்பர் பிளேட்டைத்தான் பார்ப்பார்கள். நாலு எண்ணையும் மனசுக்குள் கூட்டுவார்கள். ஐந்து வந்தால் முகம் தெளியும். ஒன்பது வந்தால் கேட்ட விலை. எட்டு வந்துவிட்டதோ, போச்சு. எஞ்சின் தங்கமாக இருந்தாலும், "வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேங்க" என்று நழுவிவிடுவார்கள். அப்புறம் அந்தத் தெருப் பக்கமே தலைகாட்ட மாட்டார்கள். எட்டு சனி பகவானுடைய எண். அவரைக் கூட்டி வந்து வாசலில் நிறுத்திவைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

செங்கம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக் பலராமன் இந்த விஷயத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். பஸ் டிக்கெட்டைக் கூட்டுவார். கேஸ் ரசீதைக் கூட்டுவார். கல்யாணப் பத்திரிகை வந்தால் தேதியைக் கூட்டிவிட்டுத்தான் பெண்ணின் பெயரையே படிப்பார். ஆட்டோ ஸ்டாண்டில் அவருக்குப் பெயர் கூட்டல் பலராமன். அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. சிரித்துக்கொள்வார், கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அந்தப் பயம் அவருக்கு எங்கே பிடித்தது என்று யாருக்கும் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே சொல்லிவிடலாம்.

பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் வல்லரசு என்று கீழ்பென்னாத்தூரில் பால் வண்டி ஓட்டுகிறவர் ஒருவர் இருந்தார். அவர் பலராமனிடம் ஒரு மினி வேன் வாங்கினார். நம்பர் 5012. கூட்டிப் பாருங்கள், எட்டுதான். அந்த ஒரே காரணத்துக்காக அந்த வேன் ஏழு மாதம் விலைபோகாமல் ஷெட்டில் நின்றது. வல்லரசு வந்து கேட்ட அன்றைக்கு நம்பர் பிளேட் மேல் சேறு அப்பியிருந்தது. பலராமன் அதைப் பார்த்தார். கையில் துணியும் இருந்தது. துடைக்கவில்லை. விலையை மட்டும் கொஞ்சம் குறைத்துச் சொன்னார். வல்லரசு மறு பேச்சு பேசாமல் சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

பதினோராம் நாள், கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் காலையில், அந்த வேன் புளியமரத்தில் மோதியது. வல்லரசு அங்கேயே போய்விட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பதினோரு வயது மகள் ரேவதி உயிர் பிழைத்தாள், இடுப்பு எலும்பு நொறுங்கிப்போய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் போய் நின்றவர்தான் பலராமன். அதற்கப்புறம், தாயும் இல்லாத அந்தக் குழந்தையை விட்டு அவர் விலகவே இல்லை. பள்ளிக்கூடம், மாத்திரை, வேலூருக்கும் சென்னைக்கும் மாறி மாறி அலைச்சல், எல்லாம் அவர்தான். ஊரே புகழ்ந்தது. வண்டி விற்றவன் இவ்வளவு செய்வானா, எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். ஒவ்வொரு புகழ்ச்சிக்கும் அவருக்கு உள்ளே கூசும். அந்தச் சேற்றை ஒரு தடவை துடைத்திருந்தால் அவள் அப்பன் உயிரோடு இருப்பான், இவள் காலை இழுக்காமல் நடப்பாள். ரேவதி அவரை மாமா என்று கூப்பிடும்போதெல்லாம் இந்த நினைப்பு வரும்.

ரேவதிக்கு இப்போது இருபத்துநான்கு வயது. கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்க்கிறாள். முதல் ஆபரேஷனில் வைத்த தகடு தளர்ந்துவிட்டது. இந்த வருஷத்துக்குள் இடுப்பு மூட்டையே மாற்றியாக வேண்டும், தள்ளிப்போட்டால் நிற்கவே முடியாமல் போகும் என்று சென்னை டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டையில் பாதிதான் வரும். மீதிக்கு ஏழு லட்சம் வேண்டும்.

"அத நான் பாத்துக்கறேன் பாப்பா. அந்தக் கார வித்துடலாம். அது உன் காலுக்குத்தான்" என்றார் பலராமன்.

அந்தக் கார் அடி அண்ணாமலையில் ஒரு தகரக் கொட்டகையில் நின்றது. டீட்டர் என்று ஒரு ஜெர்மன்காரர் அதில்தான் ஊர் வந்து சேர்ந்தார், ஐம்பது வருஷத்துக்கு முன்னால். துருக்கி, ஈரான், பாகிஸ்தான் என்று தரைவழியாகவே ஓட்டிக்கொண்டு வந்தவர், மலையைப் பார்த்தார், இறங்கினார், திரும்பிப் போகவில்லை. சுங்கவரி கட்டி இங்கேயே பதிவு செய்துகொண்டார். ஜப்பான்காரன் செய்த டாட்சன். இரண்டே கதவு, நீளமான மூக்கு, தரையோடு ஒட்டிக்கொண்டு போகிற உயரம். ஆரஞ்சு நிறம். பத்து வருஷம் ஓடியது. அப்புறம் ஒரு பாகம் கெட்டது, இந்த நாட்டில் கிடைக்கவில்லை, நின்றுவிட்டது. கடைசிக் காலத்தில் தனக்கு எல்லாமாக இருந்த பலராமன் பெயருக்கு அதை எழுதிவைத்துவிட்டு டீட்டர் கண்ணை மூடினார்.

நம்பர் பிளேட்டை பலராமன் எப்போதோ கூட்டிப் பார்த்தாயிற்று. ஐந்து. நல்ல எண். அதனால் தைரியமாக வைத்திருந்தார்.

போட்டோ எடுத்து இணையத்தில் போட்டது ரேவதிதான். நாலே நாளில் சென்னையிலிருந்து குமரேசன் என்பவர் கூப்பிட்டார். பணக்காரர்களுக்குப் பழைய கார் தேடிக் கொடுக்கிற ஏஜென்ட். ஆறு லட்சம் என்று ஆரம்பித்தார். பலராமன் பேசிப் பேசி ஒன்பதுக்குக் கொண்டுவந்தார். ஒன்பது! இதைவிட நல்ல சகுனம் வேறென்ன வேண்டும்? ரேவதி அன்றைக்கே ஆஸ்பத்திரியில் தேதி வாங்கிவிட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சார்" என்றார் குமரேசன். "ஆர்.சி. புக்குல அந்தப் பக்கத்த கரையான் தின்னுடுச்சுன்னீங்கல்ல. எஞ்சின் பக்கத்துல, உள் தகட்டுல கம்பெனியில போட்ட சேசிஸ் நம்பர் அடிச்சிருக்கும். அத ஒரு போட்டோ அனுப்பிடுங்க."

அடுத்த நாள் மத்தியானம் பலராமன் கொட்டகைக்குப் போனார். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ள பெங்களூர் போயிருந்தாள், ஒர்க்‌ஷாப்பிலும் வேலை இல்லை. பானெட்டைத் தூக்கினார். ஐம்பது வருஷத்துக் கிரீஸும் தூசியும் கெட்டித்துக் கிடந்தன. மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தார். முதலில் மூன்று எழுத்து வந்தது. அப்புறம் வரிசையாக மூன்று சுழி. அப்புறம் ஒன்று. அப்புறம் ஏழு. அதோடு முடிந்துவிட்டது.

பதினேழு.

கை அப்படியே நின்றுவிட்டது. இன்னொரு எண் இருக்கும், அழுக்கில் மறைந்திருக்கும் என்று பக்கத்தில் தேய்த்தார். பளபளவென்று வெறும் தகடுதான் வந்தது. நம்பர் பிளேட் சட்டை மாதிரி, எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். இது உடம்பில் அடித்த எண். இந்த வண்டி பிறக்கும்போதே எட்டோடு பிறந்திருக்கிறது, இத்தனை வருஷம் கிரீஸுக்குள் ஒளிந்துகொண்டு இருந்திருக்கிறது.

போட்டோவை அனுப்பிவிட்டார். அனுப்பாமல் என்ன செய்வது?

ஒரு மணி நேரம் ஆகவில்லை. குமரேசன் கூப்பிட்டார். அவர் குரலே மாறியிருந்தது.

"சார், இருபத்திரெண்டு லட்சம் தர்றோம். வேற யார்கிட்டயும் பேசாதீங்க. வண்டிய ஒண்ணும் தொடாதீங்க. கழுவாதீங்க, பெயிண்ட் கியிண்ட் அடிச்சிடாதீங்க. எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

"ஏன் தம்பி, திடீர்னு இவ்ளோ ஜாஸ்தி?"

"எங்க ஐயாவுக்குப் புடிச்சிடுச்சு சார். அவ்ளோதான்."

வேறு யாராக இருந்தாலும் குதித்திருப்பார்கள். பலராமனுக்குப் பயம்தான் வந்தது. எட்டைப் பார்த்த பிறகு ஒருவன் விலையைக் கூட்டுகிறான் என்றால் அது எப்படிப்பட்ட பணம்? சனி கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு எதை எடுத்துக்கொண்டு போவான்? அன்றையிலிருந்து அவர் கண்ணில் எட்டு மட்டுமே பட்டது. பேங்கில் டோக்கன் ஐம்பத்துமூன்று. டீக்கடையில் முன்னால் நின்ற லாரி 1700. டீட்டர் செத்த தேதியை யோசித்தார், பதினேழு. எப்படி இதை இத்தனை நாள் கூட்டாமல் விட்டோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

ரேவதியிடம் சொல்லியிருக்கலாம். இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருக்கிற பெண், கம்ப்யூட்டரில் இரண்டு தட்டு தட்டியிருந்தால் விஷயம் வெளியே வந்திருக்கும். ஆனால் எட்டு என்ற பேச்சையே அவளிடம் எடுக்க அவருக்கு நாக்கு எழவில்லை. எட்டைப் பற்றி ஆரம்பித்தால் அது வேனில் போய்த்தான் நிற்கும். சேற்றில் போய்த்தான் நிற்கும். அதனால் விலை ஏறியதை மட்டும் சொன்னார். எதனால் ஏறியது என்று அவள் கேட்டபோது, "பெரிய எடம் பாப்பா, அவங்களுக்கு இதெல்லாம் காசா" என்று மழுப்பிவிட்டார்.

குமரேசன் தினமும் கூப்பிட ஆரம்பித்தார். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. "யாரும் தொடலியே சார்?" என்பதே கேள்வி. என்ன இருக்கிறது அந்த வண்டியில் என்று அவர் சொல்லவும் இல்லை, பலராமன் பயத்தைச் சொல்லவும் இல்லை. ஆளுக்கொன்றை மறைத்துக்கொண்டு இரண்டு பேரும் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். பௌர்ணமி அன்றைக்கு, கொட்டகை இருக்கிற கிரிவலப் பாதையில் வண்டி விட மாட்டார்கள். அதனால் முதல் நாளே வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போவதாக ஏற்பாடு ஆனது.

அதற்கு இரண்டு நாள் முன்னால் குமரேசன் ஏதோ சந்தோஷத்தில் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டார்.

"ஐயா ரொம்ப ஆசையா இருக்காரு சார். ரெடி பண்ணினதும் முதல் ரவுண்டு அவரும் அவரு பொண்ணும்தான் போகப் போறாங்களாம். சின்னப் பொண்ணு, ஏழாவது படிக்குது. அப்பா ஓட்டணும், நான் பக்கத்துல உக்காரணும்னு இப்பவே குதிக்குதாம்."

பலராமன் போனைக் காதில் வைத்தபடியே உட்கார்ந்துவிட்டார். அப்பன் ஓட்ட, மகள் பக்கத்தில். எட்டாம் நம்பர் வண்டி. இரண்டாம் தடவையும் தெரிந்தே விற்கப் போகிறான் இந்தப் பலராமன், இந்தத் தடவை சேற்றுக்குப் பதிலாக வாயை மூடிக்கொண்டு.

விற்காமல் இருக்கலாமா? ரேவதி காலையில் பஸ் ஏறும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நிற்பதை அவர் பார்த்திருக்கிறார். விற்காமல் இருக்க முடியாது. எட்டாகவும் விற்க முடியாது. அப்படியென்றால் ஒன்றே ஒன்றுதான் பாக்கி.

சேசிஸ் நம்பரில் கை வைக்கக் கூடாது என்பது மெக்கானிக் தொழிலில் முதல் நாள் பாடம். அது அவருக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அவரே எத்தனையோ பையன்களைக் காதைத் திருகிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆனால் மனுஷனுக்கு ஒரு பயம் தலைக்கேறிவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே போகிறதோ. ரோட்டில் ஓட்டிப் பிழைக்கப் போகிற வண்டியா, எவன் குனிந்து பார்க்கப் போகிறான், சட்டம் கிடக்கட்டும், ஒரு குழந்தை பிழைத்தால் போதும் என்று அவருக்கு அவரே சொல்லிக்கொண்டார்.

மறுநாள் நடுப்பகலில் எண் அடிக்கிற இரும்பு அச்சுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வைத்தார். கற்பூரம் ஏற்றினார். 'ஒன்று' என்ற அச்சை எடுத்து ஏழுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒன்று, ஏழு, ஒன்று. கூட்டினால் ஒன்பது. சுத்தியலால் ஒரே அடி. தகடு கணீர் என்றது. பழைய எண்களுக்கும் புதியதற்கும் வித்தியாசம் தெரியாமல் இருக்க எண்ணெயையும் தூசியையும் குழைத்துத் தடவினார். நல்ல வேலைக்காரர். பார்வைக்கு ஒன்றுமே தெரியவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். பதின்மூன்று வருஷமாக வராத தூக்கம் வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை பத்து மணிக்குக் குமரேசன் வந்தார். பின்னாலேயே காரை ஏற்றிப் போகிற தட்டை லாரி. ரேவதியும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து கொட்டகை ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். குமரேசன் முப்பது வயதுக்காரர், வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். காரைச் சுற்றி வந்தார். தரையில் படுத்துப் பார்த்தார். துருப்பிடித்த இடத்தைக்கூடப் பாராட்டினார். அப்புறம் பானெட்டைத் தூக்கச் சொல்லி, டார்ச்சை அடித்துக் குனிந்தார்.

குனிந்தவர் நிமிரவே இல்லை.

பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பலராமன் அனுப்பிய போட்டோவைத் திறந்து, தகட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். போனைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். விரலால் அந்த எண்ணெயைத் துடைத்தார்.

"இந்த ஒண்ணு எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

பலராமன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தார்.

"போட்டோல இல்ல. இப்ப இருக்கு. எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறேன்."

"கூட்டினா எட்டு வந்துச்சு தம்பி" என்றார் பலராமன். குரல் தரையில் கிடந்தது. "கொழந்தய வேற உக்கார வச்சு ஓட்டப் போறாங்கன்னு சொன்னீங்க. அதான்."

குமரேசன் கையுறையைக் கழற்றினார். கோபத்தில் கத்துவார் என்று பலராமன் எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"இந்த மாடல்ல கம்பெனி முதமுதல்ல போட்ட வண்டிங்கள்ல இது பதினேழாவது சார். பதினேழு. உலகத்துல எங்கயோ தொலஞ்சுபோச்சுன்னு எல்லாரும் தேடிட்டு இருக்கற வண்டி. துருப்புடிச்சுக் கெடந்தாக்கூட வெளிநாட்டு ஏலத்துல ரெண்டு கோடிக்குக் கம்மி இல்ல. அந்த நம்பருக்குத்தான் அந்த விலை. வண்டிக்கு இல்ல."

"இத நீங்க சொல்லவே இல்லியே."

"சொல்லியிருந்தா விலைய ஏத்தியிருப்பீங்க."

"சொல்லியிருந்தா தொட்டிருக்க மாட்டேன் தம்பி."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பலராமன், "அத இழச்சு எடுத்துடலாம். போட்டோ இருக்குல்ல, சாட்சிக்கு?" என்றார்.

"இழச்ச தடத்த மெஷின் காட்டிக் குடுத்துடும் சார். போட்டோவ எவன் நம்புவான், இரும்பத்தான் நம்புவான். இனிமே அந்தப் போட்டோ நீங்க கை வச்சீங்கங்கறதுக்குத்தான் சாட்சி. நம்பர்ல கைபட்டுச்சுன்னா அது திருட்டு வண்டி. ஐயா கிட்டகூட வர மாட்டாரு." லாரிக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். லாரி ஸ்டார்ட் ஆனது. "கழட்டி உதிரி பாகமா வித்தா ரெண்டு லட்சத்து அறுபதாயிரம் வாங்கித் தர்றேன். நாளைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கும் இதுல தலையிட இஷ்டமில்ல."

குமரேசனும் லாரியும் போய்ப் புழுதி அடங்கியது. ரேவதி நாற்காலியிலேயே இருந்தாள். பலராமன் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். இனி மறைக்க என்ன இருக்கிறது? வேனைச் சொன்னார். ஏழு மாதம் விலைபோகாமல் நின்றதைச் சொன்னார். கையில் துணி இருந்தும் துடைக்காமல் விட்ட சேற்றைச் சொன்னார். "உங்கப்பாவ நான்தான் கொன்னுட்டேன் பாப்பா" என்று சொல்லும்போது வாய்விட்டு அழுதுவிட்டார்.

ரேவதி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"அந்தச் சேத்த அப்பா வீட்டுக்கு வந்ததும் மொதல் வேலையா கழுவினாரு மாமா. நான்தான் சொம்புல தண்ணி ஊத்தினேன். கூட்டிப் பாத்துட்டு ஒரே சிரிப்பு. எட்டாம்டி, அதான் கம்மிக்குத் தள்ளி விட்டுட்டாரு மெக்கானிக்கு, நமக்கு லாபம்னாரு."

பலராமன் தலையைத் தூக்கினார்.

"தீபக் கூட்டத்துக்குப் பால் லோடு அடிச்சு மூணு நாளா அவரு கண்ணே மூடல. அன்னிக்கு ஓட்டிட்டு இருக்கும்போதே தூங்கிட்டாரு. நான் பக்கத்துல இருந்து பாத்துட்டுதான் இருந்தேன். தல சாஞ்சுது. கூப்பிடறதுக்குள்ள மரம் வந்துடுச்சு."

"இத ஏன் பாப்பா இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க கேக்கவே இல்லியே மாமா."

காரின் கூரையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றாள். அவ்வளவு தாழ்ந்த கூரை, அவள் இடுப்பைக் கொஞ்சம்தான் தாண்டியது. ஆரஞ்சுப் பெயிண்ட் அவள் உள்ளங்கையில் தூளாக ஒட்டியது.

"ரெண்டு அறுபதுன்னாருல்ல, வாங்கிக்குங்க. ரெண்டும் ஆறும் எட்டு, பரவால்ல" என்றாள். "ஆஸ்பத்திரிக்கு நான் போன் பண்ணி தேதி வேணாம்னு சொல்லிடறேன்."

வலது காலை இழுத்து இழுத்து வெயிலில் ரோட்டுப் பக்கம் நடந்தாள். மத்தியான வேலைக்கு அவளுக்குப் பஸ் பிடிக்க வேண்டும். செருப்பு மண்ணில் உரசுகிற சத்தம் பஸ் வந்து நிற்கும்வரை பலராமனுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது.